கோடியக்கரை தீவா, கரையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நமக்கு வேதாரண்யம் பக்கம் என்று தெரிந்தால் போதும், தஞ்சாவூர், கும்பகோணத்துச் சொந்தக்காரர்கள், அமாவாசைக்குக் குளிக்க வருகிறவர்கள், பறவை பார்க்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் கோடியக்கரையைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணைப் புரிந்துகொள்ளத் திசையைவிட உயரம்தான் முக்கியம். காடு எங்கே, ஊர் எங்கே, உப்பளம் எங்கே, குடிக்கிற தண்ணீர் எங்கே என்று எல்லாவற்றையும் இங்கே சில அடி மேடுபள்ளம்தான் முடிவு செய்கிறது. பெரும்பாலான பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

கோடியக்கரை எங்கே இருக்கு? நாகப்பட்டினம் பக்கமா, ராமேஸ்வரம் பக்கமா?

நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யம் வட்டம். நாகையிலிருந்து கடற்கரையை ஒட்டியே தெற்கே வந்தால் வேளாங்கண்ணி, வேதாரண்யம், அப்புறம் அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடைசியில் கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து பதினோரு கி.மீ. போல இருக்கும். ராமேஸ்வரம் தென்மேற்கே, பாக் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், நேர்க்கோட்டில் அளந்தாலே நூறு கி.மீ.க்கு மேல்.

சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை கோடியக்கரையில் வந்ததும் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. காவிரி டெல்டாவின் தென்கிழக்கு முனை இதுதான்.

மேப்புல பார்த்தா சுத்தியும் தண்ணியா இருக்கே. அப்போ இது தீவுதானே?

சட்டப்படியும் புத்தகப்படியும் தீவு இல்லை. வேதாரண்யத்திலிருந்து பஸ் போகிறது, பாலம் ஏறிக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் மேப்பைப் பார்த்து உங்களுக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் கடல். மேற்கே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. பாக் நீரிணைக் கரையை ஒட்டி ஏறக்குறைய 48 கி.மீ. நீளத்துக்கு முத்துப்பேட்டை வரை கிடக்கிறது, அகலமும் சில இடங்களில் 10 கி.மீ. வரை. மிச்சம் இருப்பது வடக்கே வேதாரண்யத்தோடு சேர்க்கும் ஒரு மணல்மேடு. சாலை அதன் மேல்தான் போகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிரம்பிவிட்டால் கோடியக்காடும் கோடியக்கரையும் தண்ணீருக்கு நடுவே நிற்கும் ஒரு மணல் திட்டு. வெயில் காலத்தில் அதே சதுப்பு காய்ந்து தரையாகிவிடும். அதனால் யாராவது கேட்டால், வருடத்தில் சில மாதம் தீவு, மீதி மாதம் கரை என்று நான் சொல்வது வழக்கம்.

ரெண்டு கடல் சேருற இடம்னு சொல்றாங்களே, கோடு போட்ட மாதிரி தெரியுமா?

கோடு எதுவும் தெரியாது. ஆனால் வித்தியாசத்தைக் காலாலேயே உணரலாம். கிழக்குப் பக்கம் அலை உண்டு, மணல் காலில் உறுத்தும். மூலையைத் தாண்டி மேற்கே நடக்க நடக்க அலை அடங்கி, மணல் பொடியாகி, கடைசியில் கணுக்கால் வரை சேறு. அந்தப் பக்கத்தில் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். தரை அவ்வளவு தட்டை என்பதால் அந்தக் குறைந்த உயரமே அவ்வளவு தூரத்தைத் திறந்து விடுகிறது.

ஆடி, தை அமாவாசைகளில் ஆதிசேது என்று சொல்லி ஜனங்கள் குளிப்பது இந்த மூலைக் கடலில்தான்.

இவ்வளவு மணல் எங்கேர்ந்து வந்துச்சு? காவிரி கொண்டுவந்து கொட்டினதா?

மூலத்தில் ஆறுகள் கடலில் சேர்த்த மணல்தான். ஆனால் அதை இங்கே கொண்டுவந்து வரிசையாக அடுக்கியது அலையும் காற்றும். வடகிழக்குப் பருவத்தில் அலை சாய்வாக வந்து மோதிக் கரை மணலைத் தெற்கே தள்ளும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அதைத் திருப்பித் தள்ள வேண்டிய பெரிய அலைகளை இலங்கை குறுக்கே நின்று மறித்துவிடுகிறது. தெற்கே வந்த மணல் மூலையில் திரும்பியதும் அலைக்கு வலு போய்விடுவதால் அங்கேயே படிகிறது. ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய நிலையை ஒட்டி வந்து நின்ற பிறகு, இந்த வேலை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. வேதாரண்யத்திலிருந்து தகட்டூர், வாய்மேடு பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கொஞ்ச தூரம் மாந்தோப்பு, முந்திரி, தென்னை. பிறகு சாலை லேசாக இறங்கும். இரண்டு பக்கமும் வயல், கோரை, தேங்கிய தண்ணீர். மறுபடி ஏறும், மறுபடி தோப்பு. ஏற்ற இறக்கம் ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. அந்தத் தோப்பு வரிசைகள் எல்லாம் ஒரு காலத்துக் கடற்கரை மணல்மேடுகள். கடல் விலக விலக அதன் பழைய கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தங்கிவிட்டன. கோடியக்கரை அந்த வரிசையில் கடைசியாக வந்தது, இன்னும் முடியாதது.

அப்போ காவிரித் தண்ணி கோடியக்கரைக்கு வராதா?

ஆறாக வருவதில்லை. கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து தெற்கே வருகிறது. அதற்கும் கீழே அடப்பாறு, முள்ளியாறு, மானங்கொண்டானாறு, வளவனாறு என்று ஏகப்பட்ட கிளை. வேதாரண்யம் வட்டத்துக்குப் பாசனம் என்று கிடைப்பது இவற்றின் கடைமடைத் தண்ணீர். மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும் இங்கே எட்டிப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். வராமலே போன வருடங்களும் உண்டு.

கடைசியில் இந்த ஆறுகள் சதுப்பிலும் முத்துப்பேட்டைக் காயலிலும் போய்க் கலக்கின்றன. முகத்துவாரத்துக்கு முன்னால் ரெகுலேட்டர் கட்டிக் கதவு போட்டிருப்பதே கடல் தண்ணீர் ஆற்றில் ஏறி வயலைக் கெடுக்காமல் இருக்கத்தான். கோடியக்கரைக்கு நேரடியாகக் கிடைப்பது மழை மட்டும். குடிநீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. டெல்டாவின் வடக்கு ஓரத்து ஆற்று மணலில் ஊறிய தண்ணீரைத் தெற்கு ஓரத்தில் குடிக்கிறோம்.

சதுப்புன்னா எப்பவும் தண்ணி நிக்கணும்ல? நாங்க மே மாசம் போனப்ப வெறும் பொட்டலாத்தான் இருந்துச்சு.

நீங்கள் பார்த்ததும் சதுப்புதான். ஒரே இடத்தை நான்கு பருவத்தில் பார்த்தால் நான்கு ஊர் என்று நினைப்பீர்கள். அக்டோபர் கடைசியில் மழை பிடித்ததும் வயல் வடிகாலும் ஆறுகளும் வந்து கலந்து, தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறும். அப்போது உப்பு மிகக் குறைவு. மார்கழி, தை மாதத்தில் மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து உவராகும். பங்குனிக்கு மேல் வரத்து நின்று, வெயில் உறிஞ்ச உறிஞ்ச உப்பு கூடிக்கொண்டே போகும். சித்திரை, வைகாசியில் தரை வெடித்து, வெடிப்பின் விளிம்பெல்லாம் வெள்ளை பூத்து நிற்கும். காலை வைத்தால் மேல் ஓடு நொறுங்கி, அடியில் கருஞ்சேறு ஈரமாகத் தெரியும்.

இந்த மாற்றம்தான் சதுப்பின் உயிர். பூநாரைகள் வருவது, தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்து நுண்ணுயிர்களைத் தின்பதற்கு. தண்ணீர் ரொம்ப ஆழமானாலும் அவற்றுக்கு ஆகாது, காய்ந்துபோனாலும் ஆகாது. கரைப்பறவைகளுக்கு ஈரச் சேறு வேண்டும். ஆழம் ஒரு சாண் மாறினால் பறவைக் கூட்டமே இடம் மாறிவிடும். கோடியக்கரை, முத்துப்பேட்டை, தலைஞாயிறு காடு, பஞ்சநதிக்குளம் சதுப்பு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேரை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்த்ததற்கு இந்தப் பரப்பு முழுவதும் ஒரே தண்ணீர்க் கணக்கில் இயங்குவது பெரிய காரணம். பொட்டலாகத் தெரிகிறதே என்று அங்கே குப்பை கொட்டுவதையும் வண்டி ஓட்டுவதையும் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

கதையில எல்லாம் வர்ற மாதிரி புதைசேறு ஆளை விழுங்குமா?

தலை வரைக்கும் இழுத்து விழுங்காது. மனித உடம்பு சேற்றைவிட லேசானது. இடுப்பளவுக்கு மேல் தானாக இறங்குவது அரிது. ஆனால் ஆபத்து உண்மையானது. போன கேள்வியில் சொன்ன அந்த ஓடு, மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும். நடுவில் போனதும் உடையும். முழங்காலுக்கு மேல் சிக்கினால் உதறி எடுக்க முடியாது, பதறினால் இன்னும் இறங்கும். பக்கத்தில் ஆளில்லாமல் வெயிலில் மாட்டிக்கொண்டாலும், கடல் ஏறும் நேரத்தில் மாட்டிக்கொண்டாலும் உயிருக்கே ஆபத்து. மீன்பிடிக்கவும் நண்டு எடுக்கவும் போகிறவர்கள் தினம் கால் பட்டுப் பழகிய தடத்தை விட்டு விலகுவதில்லை. வெளியூர்க்காரர்கள் அவர்களோடு போகலாம், தனியாகப் போகக்கூடாது.

சிக்கினால் நிமிர்ந்து நின்று போராடாமல், பின்பக்கமாகச் சாய்ந்து உடம்பைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல எடுக்க வேண்டும்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்துல நல்ல தண்ணிக் கிணறு எப்படிங்க இருக்கு?

நிறைய பேர் நம்ப மறுப்பது இதைத்தான். அலைச் சத்தம் கேட்கிற இடத்தில் உறை இறக்கிய கிணறு. எட்டிப் பார்த்தால் சில அடியில் தண்ணீர். குடித்தால் உப்பே தெரியாது. கடல் தண்ணீரை மணல் வடிகட்டி அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மணலால் உப்பை வடிகட்ட முடியாது. அது முழுக்க முழுக்க மழைத் தண்ணீர். மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கடல் தண்ணீர் கனமானது, மழைத் தண்ணீர் லேசானது. அதனால் சாம்பாரில் எண்ணெய் நிற்பதுபோல் நல்ல தண்ணீர் மேலே ஒரு படலமாகத் தங்குகிறது. மேடு எவ்வளவு உயரமோ, அகலமோ, அந்த அளவுக்குப் படலம் தடிமன்.

இதில் ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்திருக்கும். ஏட்டுக் கணக்குதான், நடுவே களிமண் படுகை வந்தால் மாறும். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்பு நாற்பது அடி மேலே வரப் பார்க்கும். வாளியில் இறைத்த காலத்தில் தலைமுறைக்கும் இனித்த கிணறுகள், ஆழ்துளை போட்ட சில வருடத்தில் உவர்த்துப் போவதற்குக் காரணம் இதுதான். போரை ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற பொது எண்ணம் இங்கே தலைகீழ்: ஆழம் போகப் போக உப்பு.

வேதாரண்யம் பக்கத்தில் மல்லிகைக்கும் புகையிலைக்கும் மணலில் ஆழமில்லாத குட்டை வெட்டி இறைத்த பழைய முறை, படலத்தைக் குத்திக் கிழிக்காமல் மேலாக எடுக்கும் முறை. அதைச் சிக்கனத்துக்காகச் செய்தது என்று மட்டும் பார்க்கக்கூடாது. மண்ணை அறிந்து செய்தது.

மேட்டுல நல்ல தண்ணி, பக்கத்துல உப்பளம். இது எப்படி ஒண்ணா இருக்கு?

உப்பளம் இருப்பது பள்ளத்தில். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு பகுதியில் சாலையின் மேற்கே தெரியும் பாத்திகள் எல்லாம் சதுப்பின் ஓரத்து நிலம்: தட்டை, களிமண், தண்ணீரைக் கீழே விடாது. மணலில் பாத்தி கட்டினால் தண்ணீர் ஊறிப் போய்விடும். தை தொடங்கிப் புரட்டாசி மழை வரை நல்ல வெயில், விடாத காற்று. உப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் வேதாரண்யத்துக்குத்தான். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளியதும் அகஸ்தியன்பள்ளியில்தான். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது.

காட்டுல இருக்கிற மானுக்குக் குடிக்கத் தண்ணி? குதிரையெல்லாம் எப்படி வந்துச்சு?

கிணற்றுக் கேள்வியில் சொன்ன அதே படலம்தான் காட்டையும் தாங்குகிறது. மேட்டின் மேல் பாலை மரம் முதலிய வறண்ட பசுமைக் காடு. மேட்டை ஒட்டிய தாழ்வில் புல்வெளி. இன்னும் தாழ்ந்தால் சதுப்பு. மழைத் தண்ணீர் தேங்கும் குளங்களும், கோடையில் வனத்துறை நிரப்பும் தொட்டிகளும் விலங்குகளுக்கு உதவுகின்றன. வெளிமான் திறந்த புல்வெளியில்தான் வாழும். அதற்காகவே 1967இல் 17.26 சதுர கி.மீ. சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமான் காட்டு ஓரத்தில் நிற்கும். புல்வெளியில் சீமைக்கருவேலம் ஏற ஏற வெளிமானுக்கு இடம் குறைகிறது என்பது என் பெரிய கவலை.

குதிரைகள் காட்டு இனம் இல்லை. ஒரு காலத்தில் வளர்த்து, பிறகு அவிழ்த்துவிடப்பட்டவற்றின் வழிவந்தவை. பார்க்க அழகுதான், ஆனால் வெளிமான் மேயும் புல்லையே அவையும் மேய்கின்றன.

ராமர் பாதம்னு சொல்றது மலையா?

மணல்மேடு. கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் போல உயரம். இந்தப் பகுதிக்கே அதுதான் உச்சி.

இந்த ஊர் முன்னாடியும் இப்படி ஒதுக்குப்புறமாத்தான் இருந்துச்சா?

ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன் சுந்தரர் இங்கே வந்து கோடிக்குழகரைப் பாடினார். கடற்காற்று மோதும் கரையில், பக்கத்தில் குடியும் இல்லாமல், யார் துணை என்று தனியே இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். இந்த முனையில் ஊதக்காற்றில் ஒரு மாலை நின்றவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும்.

அதற்காக எல்லோரும் மறந்த இடம் என்று நினைக்க வேண்டாம். கப்பல்காரர்களுக்குக் கரை திரும்பும் மூலை முக்கியம். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கலங்கரை விளக்கம் 2004 வரை சிதைந்த நிலையில் நின்றது. பிரிட்டிஷார் கட்டியது 1890இல். இப்போதையது 45 மீட்டர் உயரம். ரயிலும் ஒரு காலத்தில் கோடியக்கரை வரை ஓடியது. இப்போது அகஸ்தியன்பள்ளியோடு நின்றுவிடும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அங்கே அகலப்பாதை 2023இல் திறந்தார்கள்.

அங்கேர்ந்து பார்த்தா இலங்கை தெரியுமாமே?

தெரியாது. யாழ்ப்பாணத்தின் வடகரை ஐம்பது கி.மீ.க்குச் சற்று மேல். 45 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றாலும் அடிவானம் 24 கி.மீ. தூரம்தான். அந்தக் கரையும் நம் கரை மாதிரியே தட்டை, எழும்பித் தெரிய மலை இல்லை. ஆனால் இலங்கை வானொலி நன்றாகக் கேட்கும்.

இரண்டு கரைக்கும் நடுவே கடல் ஆழம் குறைவு. பனியூழிக் காலத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள் என்பதால், அப்போது அது முழுக்கத் தரை. பெரிய கப்பல்கள் இன்றும் இந்த வழியைத் தவிர்த்து இலங்கையைச் சுற்றிப் போவதும் இந்த ஆழக் குறைவால்தான்.

கோடியக்கரைலேர்ந்து முத்துப்பேட்டைக்கு நேரா வழி இல்லையா? மேப்புல பக்கத்துலதானே இருக்கு?

மேப்பில் பக்கம்தான், நடுவில் இருப்பது சதுப்பு. வேதாரண்யத்துக்குத் திரும்பிப் போய், தகட்டூர், வாய்மேடு, இடும்பாவனம் என்று மணல்மேடுகளைப் பிடித்துத்தான் போக வேண்டும். சாலை ஏன் இப்படி வளைகிறது என்று எரிச்சல்படுபவர்கள் மணல் பற்றிய பதிலை இன்னொரு முறை பாருங்கள். இங்கே சாலை போட்டவர்கள் மேட்டைத் தேடித்தான் போட்டார்கள்.

அங்கே ஜாம்புவானோடையிலிருந்து படகில் போனால் கோரையாறு வழியாக அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து காயலுக்குப் போகலாம். கோடியக்கரையைக் கட்டியது மணல் என்றால், முத்துப்பேட்டையைக் கட்டியது ஆற்று வண்டல். அதைப் பிடித்து நிறுத்துவது அலையாத்தியின் மூச்சு வேர்கள். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்ப்பது நல்லது.

எப்ப வந்தா நல்லா இருக்கும்?

பறவைக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. மழை அடித்துப் பெய்யும் நாட்களைத் தவிருங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை மீன்பிடி சீசன். வேறு ஊர் மீனவர்களும் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். இரவில் கரையில் டார்ச் அடிக்காதீர்கள்.

சுனாமில பெருசா அடி படாத இடம் கஜாவுல மட்டும் ஏன் அப்படிப் போச்சு?

சுனாமியில் அடி படவே இல்லை என்று சொல்ல முடியாது. மேலே சொன்ன பழைய செங்கல் கலங்கரை விளக்கம் விழுந்தது அன்றைக்குத்தான். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேதாரண்யம் கரையில் உயரமான மணல்மேடு தொடர்ச்சியாக நின்ற இடங்களில் அலை அதில் மோதித் தணிந்தது. மேடு இல்லாத இடத்திலும் முகத்துவாரத்திலும் உள்ளே புகுந்தது. மூலைக்கு மேற்கே இலங்கையின் மறைவும் ஆழமில்லாத கடலும் காப்பாற்றின.

கஜா வேறு மாதிரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 கி.மீ. அளவில் அடித்தது. காற்றுக்கு மணல்மேடு தடை ஆகாது. உயரத்தில் நிற்பதற்குத்தான் அடி அதிகம். இங்கே நல்ல தண்ணீர் மேலாகவே கிடைப்பதால் பல மரங்களுக்கு வேர் ஆழம் போவதில்லை, பிடிமானமும் வெறும் மணல். நனைந்த மணலில் மாவும் தென்னையும் சவுக்கும் வரிசையாகச் சாய்ந்தன. நின்ற மரங்களின் இலையும் உப்புச் சாரலில் கருகியது. மான்களும் குதிரைகளும் செத்தன. கடலடிச் சேறு கரையில் வந்து ஒதுங்கியது. அலையிலிருந்து காத்த அதே மேடு புயலில் ஆட்களுக்கும் தோப்புக்கும் வெட்டவெளி ஆனது. ஒரு ஆபத்துக்குச் சொன்ன பாதுகாப்பை எல்லா ஆபத்துக்கும் நம்பக்கூடாது.

கடல் உள்ளே வருதா, வெளியே போகுதா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் நடக்கிறது, அதனால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரையான கரையிலேயே ஒரு பக்கம் அரிக்கும், இன்னொரு பக்கம் மணல் சேரும். பருவத்துக்குப் பருவம் இடமும் மாறும். தை மாதம் பார்த்துவிட்டு ஆடியில் முடிவு சொல்லக்கூடாது.

நீண்ட காலக் கணக்கு வேறு. உலகக் கடல்மட்டம் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏறுகிறது. அதே நேரத்தில் ஆறு கொண்டுவரும் மண் குறைந்துவிட்டது: 1934இல் கட்டிய மேட்டூர் அணைக்குப் பின்னால் வண்டல் தங்குகிறது, மிச்ச ஆற்று மணலை லாரியில் அள்ளுகிறோம். கடல் ஏறும்போது நிலமும் மணல் பெற்று உயர்ந்தால் ஈடு கட்டும். அந்த வரவைத்தான் நாம் நிறுத்தியிருக்கிறோம். ஆனாலும் என் கணிப்பில் கோடியக்கரைக்கு முதல் கேடு கடல்மட்டம் இல்லை. கரை மேட்டை வெட்டி மட்டம் செய்வதும், அடியில் உள்ள நல்ல தண்ணீரை மோட்டாரில் இறைப்பதும் அதைவிட வேகமானவை. மில்லிமீட்டர்கள் சேர்ந்து பெரிதாக ஐம்பது வருடம் காத்திருக்க வேண்டும். பொக்லைன் ஒரு வாரத்தில் ஒரு மேட்டைத் தரையாக்கிவிடும்.

வேதாரண்யம் பக்கம் கடலோரமா மனை வருது, வாங்கலாமா அண்ணே?

முதலில் சட்டம். கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். எங்கே என்ன கட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. சரணாலயத்தையும் சதுப்பையும் ஒட்டிய இடம் என்றால் இன்னும் கவனம். விற்பவர் வாயால் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல், சர்வே எண்ணை வைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அப்புறம் மண். இடம் பழைய மணல்மேட்டில் இருக்கிறதா, இரண்டு மேட்டுக்கு நடுப்பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பழைய மாமரமோ முந்திரியோ நின்றால் மேடு. கோரையும், உவர் மண்ணில் வளரும் உமிரிச் செடியும் முளைத்திருந்தால் பள்ளம், மேலே எவ்வளவு மண் கொட்டி நிரவியிருந்தாலும். கஜாவிலும் அதற்குப் பிந்தைய நவம்பர் மழைகளிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள். அடுப்படி வரை வந்ததா, வாசலோடு நின்றதா என்று சரியாகச் சொல்வார்கள். மனைக்கு முன்னால் கடலோர மேடு அப்படியே இருக்கிறதா, 'கடல் தெரியணும்' என்று வெட்டிவிட்டார்களா என்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். வெட்டியிருந்தால் எனக்கு வாங்க மனது வராது.

கடைசியாகக் கிணறு. பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாங்கிக் குடித்துப் பாருங்கள், ஆனால் சித்திரையில் போய்ப் பாருங்கள். தை மாதத்தில் இங்கே எல்லாக் கிணறும் இனிக்கும்.